இசைக்கு வந்த விருந்து
காருகுறிச்சி அருணாசலனார் வரலாறு

தோற்றுவாய்

விருந்து என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம்மனோர்க்கு வாழையிலையும் சோறும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் அச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதே. இல்லத்திற்குப் புதியராய் வந்தவர் அதனால் விருந்தினர் எனப்பட்டனர்; அவர்க்கு இட்ட உணவு பின்னரே விருந்தாயிற்று. தொல்காப்பியனார் செய்யுட்கு உரிய வனப்பு எட்டினைத் தொகுத்தபோது, தொன்மை என ஒன்றை வைத்தார். விருந்து என மற்றொன்றையும் வைத்தார். பழமையும் ஓர் அழகு, புதுமையும் ஓர் அழகு என்பது அப்பெரியார் கருத்துப் போலும். இவ்விரண்டு அழகும் ஒரே பொருளிற் கூடுதல் அரிது. அங்ஙனம் கூடிய ஒரு பாட்டையும், அப்பாட்டிற்கு விருந்தாய் வந்து ஊதிய ஒரு பெருங்கலைஞரையும் பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம்.

ஒருவர் பாட்டிற்கு மற்றொரு துறைக் கலைஞர் விருந்தினராய் வந்து இசைத்துச் செல்லுதல் ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னர் உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஆங்கில நாட்டில் பீட்டில்ஸ் என்னும் இளைஞர் நால்வர் குழு 1966-இல் ஒரு பாட்டிற்கு ஆலன் சிவில் என்னும் கொம்பு வாத்தியக் கலைஞரை அழைத்தது. 1967-இல் அக்குழுவினருள் ஒருவராகிய பால் மெக்கார்ட்னி, டேவிட் மேசன் என்பார் பழைய ஜெர்மானிய இசைமேதை பாக் இயற்றிய உருப்படியொன்றில் சிறு எக்காளம் ஊதுவதைத் தொலைக்காட்சியிற் கண்டு, அவரைத் தம் பாட்டிற்கு வருவித்தார். அவ்விருவரும் ராக் இசைக்காரர் அல்லர், அரங்கிசையில் தேர்ந்தவர். சில நொடிகளே அவர்கள் ஊதினர். எனினும் அப்பாட்டுக்களை அறிந்தோர் அவ்வொலி இன்றி அவற்றை நினைத்தல் இயலாது.

நம் பரத கண்டத்தில் இவ்வழக்கம் அதற்கும் முந்தியது. 1952-இல் பைஜூ பாவ்ரா என்னும் இந்திப் படத்தில் டி. வி. பலுஸ்கரும் அமீர் கானும் பாடினர். 1959-இல் கூஞ்ச் உட்டீ ஷெனாய் என்னும் படத்தில் பிஸ்மில்லா கான் தம் ஷெனாயை ஒலித்தார். 1960-இல் முகல்-ஏ-ஆசம் படத்திற்குப் படே குலாம் அலி கான் தம் குரலை வழங்கினார். இவ்வரிசையில் தமிழகம் தந்த மணி ஒன்று உண்டு. அதுவே 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் படத்தில் ஒலித்த நாகசுரம். அதனை ஊதியவர் காருகுறிச்சி அருணாசலனார்.

ஊரும் பிறப்பும்

குழித்துறையில் வாழும் நமக்குத் தாமிரபரணி என்றவுடன் நம் ஊரை ஒட்டிப் பாயும் ஆறே கண்முன் தோன்றும். கோதையாறும் பறளியாறும் கூடிப் பெருகி, தேங்காய்ப்பட்டணத்தருகே மேல்கடலில் விழுவது அது. அதே பெயருடைய பேராறு ஒன்று மலையின் மறுபுறத்தே பொதியிற் பிறந்து, கிழக்கு நோக்கி ஓடி, நெல்லைச் சீமையை வளஞ்செய்து, புன்னைக்காயலருகே கீழ்கடலை அடைகின்றது. மலைத்தொடர் ஒன்று, பெயர் ஒன்று, திசைதான் வேறு. அக்கீழை ஆற்றின் வளத்தில், சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, வயல் சூழ்ந்து விளங்கும் ஊரே காருகுறிச்சி. மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்றது அவ்வூர். குயவர் சக்கரத்தில் மண்ணைக் குழைக்கும் ஊரில், காற்றைக் குழைத்து இசையாக்கும் ஒருவர் 1921-ஆம் ஆண்டில் தோன்றினார். அவர் தந்தையார் பெயர் பலவேசம்.

அக்காலத்தில் நம் விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாளே நாம் தமிழகத்தோடு இணைந்தோம். காருகுறிச்சியோ ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆதலின் அருணாசலனார் பிறந்த நாளில் நம் முன்னோரும் அவரும் இருவேறு ஆட்சியின் குடிகள். ஆயினும் செண்டையின் முழக்கம் கேட்டுப் பழகிய நம் மேற்குப் பகுதிக்கும் நாகசுரம் அயலொலி அன்று. மலைக்கணவாயைக் கடந்து காற்று வருவது போல, இசையும் அரசு எல்லை பாராது வந்துகொண்டே இருந்தது.

கருவியின் இயல்பு

அருணாசலனார் செய்த செயலின் அருமையை உணரவேண்டின், அவர் கையாண்ட கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நாகசுரம் ஆச்சா மரத்திற் கடைந்து செய்யப்படுவது. தஞ்சை நாட்டு நரசிங்கம்பேட்டை அக்கருவி செய்வதற்குப் புகழ்பெற்ற ஊர். மேலே நாணலாற் செய்த சீவாளி. கீழே அகன்று விரிந்த அணசு. இடையே விரல் வைத்து ஊதும் துளைகள் ஏழு. கோயில் வாயிலில் ஊதினால் நான்கு மாடவீதியும் கேட்கத்தக்க பேரொலி அதற்கு உண்டு. திறந்த வெளிக்கும் திருவிழாக் கூட்டத்திற்கும் ஏற்ப அமைந்த கருவி அது.

பாடுவோர் தம் குரலுக்கு ஏற்பச் சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லர். வீணைக்கும் வயலினுக்கும் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். நாகசுரத்திற்கோ சுருதி மரத்தின் நீளத்திலேயே முடிவாகிவிட்டது. மேலும், ஒலியை வேண்டியாங்கு மெலிவித்தல் இக்கருவியில் எளிதன்று. மூச்சு குறைந்தால் சுரம் தளரும். உதடு சற்றே நெகிழ்ந்தால் இசை பிறழும். ஏழு துளைகளுக்கிடையே உள்ள நுண்ணிய சுரங்களை எல்லாம் விரலின் வளைவாலும் உதட்டின் அழுத்தத்தாலுமே வருவித்தல் வேண்டும். இத்தகைய கருவியை மூடிய அறையில், ஒலிவாங்கியின் முன்னர், ஒரு பெண்மணியின் மென்குரலுக்கு இணையாக வாசிப்பது எத்துணைக் கடினம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க.

கருவிக்கு இருந்த இடர் இஃது. கலைஞர்க்கு இருந்த இடர் இதனினும் கொடிது. நாகசுரம் இன்றிக் கோயில் விழா இல்லை; மணவினை இல்லை. எனினும் அதனை ஊதியவரை நம் சமூகம் நெடுங்காலம் நின்றே வாசிக்கச் செய்தது. மேலாடை இன்றி நடந்தே ஊதச் செய்தது. வாய்ப்பாட்டிற்கு மேடையும் விரிப்பும் கிடைத்த நாளில் நாயனக்காரர்க்கு வாயிற்புறமே கிடைத்தது. மங்கலம் என்று கருவியைப் போற்றியவர்களே அதனை ஏந்திய மனிதனைத் தாழ வைத்தனர். இம்முரண்பாட்டை நாம் மறைத்தல் தகாது.

ஆசிரியரை அடைந்தது

இந்நிலையை மாற்றப் போராடியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அப்பெரியார் நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்டவர். நீண்ட பாரி நாயனத்தைப் பெருவழக்கிற்குக் கொணர்ந்தவர்; ஒத்து நாயனத்தை விடுத்துத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டவர்; மேடையில் அமர்ந்து சட்டை அணிந்து வாசித்து, தம் கலைக்குரிய மதிப்பைத் தாமே எடுத்துக்கொண்டவர். அவர் தோடி இராகத்தை விரிக்கும் இரவுகளில் விடியும்வரை மக்கள் கலையாதிருப்பர் என்பது நம் பாட்டனார் தலைமுறை அறிந்த செய்தி.

அப்பெருமகனார் ஒருமுறை காருகுறிச்சியில் ஒரு திருமணத்திற்கு வாசிக்க வந்தார் என்றும், உடன் ஊதவேண்டிய துணைவர் வாராமற்போக, அவ்வூர் இளைஞராகிய அருணாசலனாரை உடன் ஊதச் செய்தனர் என்றும், அவ்விளைஞரின் திறங்கண்டு மகிழ்ந்த பிள்ளையவர்கள் அவரைத் தம் மாணாக்கராக ஏற்றுக்கொண்டார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. நிகழ்ந்த முறை எவ்வாறாயினும், நெல்லைச் சீமை இளைஞர் காவிரிநாட்டுப் பேராசானுக்கு மாணாக்கரானமை உறுதி. அவர்தம் நாகசுரத்திற் காவிரியின் பெருக்கும் பொருநையின் தெளிவும் ஒருங்கே இருந்தன எனச் சொல்லத் துணிகின்றோம்.

மாணாக்கர் ஆயினமையால் அவர் பெற்றது பாடம் மட்டும் அன்று. ஓர் இடமும் பெற்றார். அஃது ஆசிரியரின் வலப்புறத்தும் அன்று, எதிர்ப்புறத்தும் அன்று. அவர்க்கு அடுத்த இடம். அதாவது இரண்டாம் நாயனம்.

இரண்டாம் நாயனம்

நாகசுரக் குழுவில் முதல் நாயனம் இராகத்தின் வழியை வகுக்கும். இரண்டாம் நாயனம் அவ்வழியே தொடரும். முதல்வர் மூச்சு வாங்குமிடத்து ஒலி அறுபடாமல் தாங்குதல் அதன் கடமை. முதல்வர் ஒரு சங்கதியை விடுத்தவுடன் அதனைப் பழுதின்றித் திருப்பி வாசித்தல் அதன் தேர்வு. முதல்வரை மிஞ்சினால் குற்றம், பிந்தினாலும் குற்றம். முன்னே செல்வோன் அடுத்து எவ்விடத்தில் அடி வைப்பான் என்பதை அறிந்து, அவ்விடத்தில் நிழல் போலச் சென்று நிற்றல் வேண்டும்.

இராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாம் நாயனம் வாசிப்பது எளிய செயல் அன்று. அவர் கற்பனை கட்டுக்கு அடங்காதது. முன்னமே வகுத்த வழியில் அவர் செல்பவர் அல்லர். அத்தகையவர்க்கு அருகில் இருந்து ஊதுபவர்க்கு வாயினும் செவியே முதன்மையான உறுப்பு. ஊதக் கற்பதற்கு முன் கேட்கக் கற்றல் வேண்டும். பேசத் தெரிந்தோர் பலர். பிறர் பேசுவதைக் கேட்கத் தெரிந்தோர் சிலர். இசையுலகிலும் அவ்வாறே. அருணாசலனார் பேராற்றல் வாய்ந்தவராயிருந்தும் கேட்கக் கற்றவர். பின்னாளில் அவர் பெற்ற புகழுக்கு இதுவே வித்து என்பது எம் துணிபு.

நம் திருச்சபைகளிற் பாடற்குழுவில் இரண்டாம் குரலோ மூன்றாம் குரலோ பாடிய மாணவர் இதன் உண்மையை எளிதில் உணர்வர். முதற்குரலைப் பாடுபவர் மெட்டைப் பாடினால் போதும். ஏனையோர் தம் சுரத்தையும் விடாது, பிறர் சுரத்தையும் செவியில் வைத்துப் பாடவேண்டும். சபையார் நினைவிற் கொள்வது முதற்குரலையே. ஆயினும் மற்றையோர் வாய் மூடிய அளவில் பாட்டு மெலிந்துவிடும்.

தனித்து நின்றது

காலம் கனிந்தபோது அருணாசலனார் தனித்து வாசிக்கத் தொடங்கினார். தென்பாண்டி நாட்டில் அவர் பெயர் பரவியது. கோவில்பட்டியில் வாழ்ந்து, அங்கிருந்தே ஊர்தோறும் சென்று வாசித்தார். ஈழத்துத் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்க்குத் தவில் வாசித்ததுண்டு. வானொலி அவர் இசையை வீடுதோறும் கொண்டு சென்றது. இசைத்தட்டுக்களும் வெளிவந்தன.

ஆசிரியரின் புயல்வேகம் மாணாக்கரிடத்துச் சற்றே அடங்கி இனிமையாய்க் கனிந்தது. அவர் வாசிப்பைக் கேட்போர் முதலில் வியப்பது திறமையை அன்று, தூய்மையை. சுரம் சுரமாக நின்று பேசும். விரைவிலும் தெளிவு கெடாது. பேரொலிக் கருவியில் இத்துணைக் குழைவு எங்ஙனம் வந்ததென்று கேட்போர் மயங்குவர். 1956-இல் ஆசிரியர் மறைந்தபின், அவர் மரபைத் தாங்கியவருள் முதன்மையானவர் எனப் பலரும் அருணாசலனாரைக் கருதினர்.

திரைக்கு வந்த விருந்து

இந்நிலையில்தான் எம். வி. இராமன் இயக்கிய கொஞ்சும் சலங்கை என்னும் வண்ணப்படம் உருவாயிற்று. ஜெமினி கணேசன் அதில் நாகசுரக் கலைஞராக நடித்தார்; சாவித்திரி பாடும் பெண்ணாக நடித்தார்; நடனத்திற் புகழ்பெற்ற குமாரி கமலாவும் நடித்தார். இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய முருகன் பாட்டொன்றிற்கு ஆபேரி இராகத்தில் மெட்டமைத்தார் நாயுடு. சிங்கார வேலனே எனத் தொடங்கும் அப்பாட்டை அறியாத தமிழர் அரியர்.

அதில் குரலும் நாகசுரமும் எதிரெதிர் நின்று உரையாடவேண்டும். நாயகர் வாய்வைப்பது போல் நடிக்கலாம், ஊதுவது யார்? அதற்கே அருணாசலனாரை நாடினர். பாடுவது யார்? நாகசுரத்தின் குழைவுகளை அப்படியே குரலிற் காட்டவல்லார் வேண்டும். பின்னணிப் பாடகி பி. லீலாவே எஸ். ஜானகியின் பெயரைப் பரிந்துரைத்தார் என்று சொல்லுவர். அஃது உண்மையாயின், தனக்கு வரத்தக்க புகழைப் பிறர்க்கு வழிவிட்ட அப்பெருந்தகைமையும் இப்பாட்டின் ஒரு பகுதியே. ஜானகி தெலுங்கு நாட்டுக் குண்டூர்ச் சீமையில் 1938-இற் பிறந்தவர். 1957-இற் பின்னணி பாடத் தொடங்கியவர். கொஞ்சும் சலங்கை வெளிவந்த நாளில் அவர்க்கு வயது 23 மட்டுமே.

அருணாசலனாரின் ஆசிரியரும் ஒருகால் திரைப்படத்திற் புகுந்தவரே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1940-இல் வந்த கவி காளமேகம் என்னும் படத்தில் இராஜரத்தினம் பிள்ளை தாமே நாயகராகத் தோன்றினார். பேரரசர் எங்குச் சென்றாலும் அரியணையை உடன்கொண்டு செல்வார் அன்றோ? மாணாக்கரோ திரைக்குப் பின்னே நின்றார். முகம் வேறொருவருடையது, மூச்சு மட்டும் தம்முடையது. ஆயினும் இன்று மக்கள் நினைவில் நிலைத்துள்ள திரை நாகசுரம் மாணாக்கருடையதே. அரசராக வந்தவரினும் விருந்தினராக வந்தவர் அவ்வீட்டில் நெடுநாள் தங்கிவிட்டார்.

பாட்டின் நயம்

ஆபேரி இராகம் மேலேறும்போது ஐந்து சுரங்களோடு செல்லும். ரிடபமும் தைவதமும் அங்கு வாரா. இறங்கும்போது ஏழு சுரங்களும் வரும். ஏறுகையில் விட்டுச்சென்ற இருவரை இறங்குகையில் அழைத்து வருவது போன்றது அதன் நடை. அதனால் அவ்விராகத்திற்கு ஏக்கமும் இரக்கமும் கலந்த சுவை இயல்பாகவே உண்டு. அருணாசலனார் அதன் உருவை நாகசுரத்தில் முதலில் தீட்டிக்காட்டுகின்றார். கோயில் வீதியில் நாழிகைக் கணக்கில் விரிக்கத்தக்க இராகத்தைச் சிறிது பொழுதில் அடக்குகின்றார். அடக்கியதாகத் தோன்றுவதில்லை, முழுதும் சொல்லிவிட்டதாகவே தோன்றுகின்றது.

பின்னர்க் குரல் எழுகின்றது. இவ்விடத்தே நாம் உற்றுநோக்கவேண்டியது ஒன்று உண்டு. வீதியெல்லாம் நிறைக்கும் கருவி, குரல் எழுந்தவுடன் வழிவிட்டு நிற்கின்றது. குரல் ஒரு சங்கதியைச் சொன்னால் நாகசுரம் அதனை வாங்கி, சிறிது மெருகிட்டுத் திருப்பித் தருகின்றது. குரல் மேலும் ஓரடி செல்லத் துணிகின்றது. நாகசுரம் அதற்கும் விடை தருகின்றது. சுரங்கள் வரவர விரைகின்றன. எதிர்மொழி வாங்குதற்குரிய இடைவெளி குறைந்துகொண்டே வருகின்றது. இறுதியில் எது குரல், எது குழல் எனப் பிரித்தறிய இயலாவகை இரண்டும் ஒன்றாகின்றன. போட்டி எனத் தொடங்கியது உறவாய் முடிகின்றது.

நாகசுரம் வெல்ல நினைத்திருந்தால் அப்பாட்டு முதற்சரணத்திலேயே முடிந்திருக்கும். 23 வயதுப் பாடகியின் குரலை அடக்க, அக்கருவிக்கு ஒரு மூச்சே போதும். அருணாசலனார் அது செய்திலர். முதல் நாயனமாக நாடெங்கும் போற்றப்பட்ட நாளில், அவர் மீண்டும் இரண்டாம் நாயனத்தின் இடத்தில் அமர்ந்தார். ஆசிரியரின் அருகிருந்து பயின்ற பழைய பயிற்சி, இளையவர் ஒருவரைத் தாங்குதற்குப் பயன்பட்டது. அன்று பேராசானின் மூச்சு அறுபடாமல் காத்தவர், இன்று புதுப்பாடகியின் துணிவு அறுபடாமல் காத்தார். விருந்தினர் தலைவாயிலில் புகும்போது தலை தாழ்த்துதல் உயர்ந்த மனிதர்க்கே வேண்டுவது, குள்ளர்க்கு வேண்டுவதன்று.

அப்பாட்டே ஜானகியின் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது. பின்னர் அவர் பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாட்டுக்கள் பாடி, பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதை 4 முறை பெற்றார். படம் தெலுங்கிலும் ஒலிமாற்றம் செய்யப்பெற்றுச் சென்றது. சொல் மாறிற்று, நாகசுரம் மாறவில்லை. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஓர் ஐயமும் விடையும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். இரவு முழுதும் இராகம் விரிக்கவல்ல மேதையை ஒரு திரைப்பாட்டின் சில நிமிடங்களால் நினைவிற் கொள்வது அவர்க்குப் பெருமையோ, சிறுமையோ? கடலைக் கையளவு நீராற் காட்டுவது போன்றதன்றோ அது? திரைப்படத்திற்கு ஊதுதல் தம் தகுதிக்குக் குறைவு என எண்ணிய வித்துவான்கள் அக்காலத்தில் இருந்தனர். அவ்வெண்ணத்தை முற்றும் பிழையெனத் தள்ளுதற்கில்லை. கலையைக் காசுக்காகக் குறுக்கும் இடம் திரையுலகம் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று.

ஆயினும் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். நாகசுரக் கச்சேரி நடந்த பெரிய திருவிழாக்களுக்கும் செல்வர் மணப்பந்தல்களுக்கும் எல்லோரும் செல்ல இயன்றதா? கோயில் மதிலுக்குள்ளே நெடுங்காலம் பலர் நுழையவும் இயலவில்லை. நம் திருவிதாங்கூரில் 1936-ஆம் ஆண்டிற்றான் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்தது என்பதை நாம் மறக்கலாகாது. மதிலுக்கு வெளியே நின்று அக்கருவியின் ஒலியை மட்டும் கேட்டவர் எத்துணையர்! அவர்க்கும் அவர் மக்கட்கும், குறைந்த விலைச் சீட்டு வாங்கித் தரையில் அமரும் கொட்டகையே இசையரங்காயிற்று. தேநீர்க் கடையின் வானொலியே சபையாயிற்று. சாதியும் சமயமும் வினவாது அப்பாட்டு எல்லார் செவியிலும் புகுந்தது. வாயிற்புறத்தே நிறுத்தப்பட்ட கருவி, நாட்டின் எல்லா வீட்டின் உள்ளறைக்கும் சென்றது இப்பாட்டின் வழியாகவே. ஆசிரியர் மேடையில் அமர்ந்து தம் கலைக்கு மதிப்புத் தேடினார்; மாணாக்கர் திரைக்குப் பின் நின்று அதற்கு மக்களைத் தேடினார். இரண்டும் ஒரு போராட்டத்தின் இரு பகுதிகளே.

கையளவு நீர் கடலாகாது என்பது மெய்யே. எனினும் கடலின் உவர்ப்பு அக்கையளவிலும் உண்டு. அதனைச் சுவைத்தவன் கடலைத் தேடிச் செல்வானாயின் அதுவே போதும். அப்பாட்டோடு நின்றுவிடாமல், அவர் விரிவாக வாசித்த இராகங்களின் ஒலிப்பதிவுகளையும் தேடிக் கேட்டல் மாணவராகிய நமக்குக் கடனாகும்.

மறைவும் பின்வந்தோரும்

அருணாசலனார் நெடுநாள் வாழ்ந்திலர். கொஞ்சும் சலங்கை வெளிவந்து இரண்டே ஆண்டுகள் சென்றபின், 1964-இல் அவர் மறைந்தார். வயது 45-ஐயும் எட்டவில்லை. வாய்ப்பாட்டுக்காரர் பலர் தம் கலை முதிர்வதாகச் சொல்லும் பருவத்திலேயே அவர் மூச்சு நின்றது. அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் அவர்க்குச் சிலை அமைத்து நாட்டினர் நன்றி காட்டினர். நாயனக்காரரை நிற்கவைத்தே ஊதச் செய்த சமூகம், அவர்தம் உருவத்தை உயரத்தில் வைத்து அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொண்டது. காலம் செய்த திருத்தங்களுள் இதுவும் ஒன்று.

அவர் திறந்த வழியிற் பின்வந்தோரும் உண்டு. 1968-இல் தில்லானா மோகனாம்பாள் என்னும் படம் வெளிவந்தது. அதில் சிவாஜி கணேசனும் ஏ. வி. எம். இராஜனும் நாகசுரக் கலைஞராக நடித்தனர். அவர்கட்காக நாகசுரம் வாசித்தவர் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். நாயனக்காரரின் மானமும் வாழ்வும் ஒரு பெரும்படத்திற்கு முழுக் கதையாகும் அளவிற்கு மக்கள் மனம் அப்போது கனிந்திருந்தது. அம்மனத்தை உழுது பண்படுத்தியவருள் அருணாசலனார்க்கு ஓரிடம் உண்டென்பதை யாரும் மறுக்கார்.

முடிவுரை

அன்பர்காள்! முதன்மையை விரும்பாதார் உலகில் இலர். வகுப்பில் முதல்வராதலும், அரங்கில் முன்னிற்றலும், பலர் வாயிற் பெயர் வழங்கப் பெறுதலும் இளைஞர் உள்ளத்திற்கு இனியனவே. அருணாசலனாரின் வாழ்வு வேறொரு வழியையும் நமக்குக் காட்டுகின்றது. ஆண்டுபல இரண்டாமவராய் இருந்து கேட்கக் கற்றவரே முதல்வராய் நின்று பேசத் தகுதி பெற்றார். முதல்வரான பின்னரும் இரண்டாமிடத்தில் அமரக் கூசாமையால், அவர்தம் இசை தம் வாழ்நாளையும் கடந்து வாழ்கின்றது. ஒருவன் தன் ஆற்றலை முழுதும் காட்டி வியப்பை விளைவிக்கலாம். தன் ஆற்றலால் பிறனை உயர்த்தினாலோ நன்றியை விளைவிப்பான். வியப்பு ஆறிவிடும், நன்றி ஆறுவதில்லை.

தொன்மை நாகசுரத்தினது. விருந்து அது புகுந்த பாட்டினது. அவ்விரண்டு வனப்பையும் ஒரே மூச்சிற் கோத்த அப்பெரியாரின் புகழ், பொருநையாறு கிழக்கு நோக்கியும் நம் தாமிரபரணி மேற்கு நோக்கியும் ஓடுங்காறும் நிலவுவதாக!